கனம் அங்கத்தவர் அனுப்பிய பத்துப் பதில்கள்

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. கோலாலம்பூரில் எல்லாமே விழுந்துகொண்டிருந்தன. பெரிய மனிதர்களின் பேச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பேச்சில் எல்லாருக்கும் மேலே இருந்தவர் எங்கள் ஊர்நல போர்டின் நியமன அங்கத்தவர், கனம் ராதாகிருஷ்ணன் அவர்கள். 'கனம்' என்று நான் மரியாதைக்காகப் போடவில்லை. போடாவிட்டால் அவருடைய காரியதரிசி ஜெயராஜ் கடுதாசி எழுதுவார். ஒரு தடவை எழுத்துக் கோர்ப்பில் விட்டுப்போய், அடுத்த இதழில் 'சென்ற வாரம் அங்கத்தவர் கனமில்லாமல் வெளிவந்ததற்கு வருந்துகிறோம்' என்று கட்டம் கட்டிப் போட்டோம். அதற்கும் ஒரு கடுதாசி வந்தது.

என் பெயர் இருதயம். பிரிக்பீல்ட்ஸில் நடந்த 'ஊர்மணி' வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியன். உதவி ஆசிரியன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். புரூஃப் திருத்துவதும், விளம்பரம் கேட்டு நாயாய் அலைவதும், சனிக்கிழமை ரயிலில் கிள்ளானுக்குப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவதும் என் உத்தியோகம். ஆசிரியரும் முதலாளியும் நாகையா. எழுத்துக் கோர்ப்பவர் பக்கிரிசாமி அண்ணன். மூன்று பேர், காலால் மிதிக்கும் ஓர் அச்சு இயந்திரம், நாகையாவின் பயம் ஆகிய இவ்வளவும் சேர்ந்ததுதான் 'ஊர்மணி'. கனம் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அச்சுக்கூட லைசென்ஸ் போய்விடும் என்பது அந்தப் பயம்.

எங்கள் தெருவைக் கூட்டுவது வீரம்மா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டுக் கூலிகளின் லயம் இருக்கிறதே, அங்கே குடியிருப்பவள். அந்த லயத்தில் எழுபது வீடு, ஒரு குழாய். புதுக் குழாய் போடுகிறோம் என்று சொல்லி நாலு மாசத்துக்கு முன்னால் போர்டுக்காரர்கள் பழைய குழாயைப் பிடுங்கினார்கள். புதுசும் கட்டிவிட்டார்கள். சிமெண்டுத் தூண், பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிய ஒரு பளிங்குக் கல், காவலுக்கு ஒரு ஜாகா. குழாயில் திருகுகிற பிடி மட்டும் இல்லை. பெண்கள் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நாலு தண்டவாளம் தாண்டி பாசார் சந்தைக் குழாய்க்குப் போய் வந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அச்சுக்கூடத்துக்குள் வந்தாள்.

"தம்பி, எம்மவ சீதாலெட்சுமி நேத்து தண்டவாளத்துல விழுந்துட்டா. தண்ணி டின்னோட. எட்டு மாசம் அவளுக்கு. ரயில்காரன் பாத்து நிறுத்துனதால ஆளு இருக்கா. நீங்க பேப்பர்காரவங்க, அந்த போர்டு மனுசன்கிட்ட கேட்டு எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எம்மவ புள்ள பெக்கறதுக்குள்ள குழாயில தண்ணி வருமா, வராதா?"

"கேட்டுடுவோம் அக்கா."

"வரும்னா இருக்கேன். வராதுன்னா காப்பார்ல எங்க தம்பி வூட்டுக்கு இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன். இன்னும் நாளானா அவளை லோரியில ஏத்த முடியாது. ஆமாவா இல்லையா, அவ்வளவுதான் தம்பி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன். ஒரு கேள்வி, ஒரு பதில். போய்க் கேட்டால் சொல்லிவிடப் போகிறார். அன்றைக்கு நான் அவ்வளவு பச்சைப் பிள்ளை.

பேட்டிக்கு நேரம் வாங்கவே ஒன்பது நாள் ஆயிற்று. முதலில் விண்ணப்பம் எழுத வேண்டும். விண்ணப்பம் எழுத அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். எல்லாம் முடிந்து செராஸ் ரோட்டு பங்களாவுக்குப் போனால், வாசலிலேயே ஜெயராஜ் நிறுத்தினார். கோட்டு, கழுத்துப் பட்டி, கையில் ஒரு பட்டியல்.

"பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"அப்ப நல்லது. உள்ள போறதுக்கு முன்ன சில விசயம். இந்த வீட்டுல 'ஏன்'னு கேக்கக் கூடாது. 'எப்போ'ன்னு கேக்கக் கூடாது. 'யார்'னு கேக்கவே கூடாது, போன வாரம் ஒருத்தர் கேட்டு ஐயாவுக்கு நெஞ்சு படபடப்பு வந்திடுச்சு. 'எவ்வளவு சிறப்பாக' வேணும்னா கேக்கலாம். அது எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாம்."

"நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும்ங்க. தண்ணி எப்போ…"

ஜெயராஜ் தன் காதைப் பொத்திக்கொண்டார்.

கனம் அவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கையில் பென்சிலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு தமிழ் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பென்சில் நோட்டைத் தொட்டால் மேடைத் தமிழ். பென்சிலைக் காதில் செருகினால் வீட்டுத் தமிழ்.

"ஐயா, லயத்துக் குழாயில் தண்ணீர் எப்போது வரும்?" என்றேன்.

ஜெயராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கனம் அவர்கள் அழகாகச் சிரித்தார்.

"தண்ணீர்! என்ன அருமையான வார்த்தை. தண்ணீர் இல்லையேல் மனிதன் இல்லை. மனிதன் இல்லையேல் ஊர் இல்லை. ஊர் இல்லையேல் போர்டு இல்லை. போர்டு இல்லையேல் நான் இல்லை. ஆகவே, தண்ணீரும் நானும் ஒன்று. எழுதிக்கொண்டீர்களா?"

எழுதிக்கொண்டேன். "அந்தத் தண்ணீர் எப்போது வரும்?"

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"செந்தூல்ங்க."

"செந்தூலா! செந்தூல் மக்கள் என்மீது வைத்திருக்கும் அன்பை நினைத்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை." இப்படிச் சொல்லிவிட்டுச் செந்தூலைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அதில் ஒரு தகவல்கூடச் செந்தூலில் இல்லை. பிறகு டீ வந்தது. பிறகு, தான் இளம் வயதில் கப்பலேறிப் போன கதை வந்தது. நடுக்கடலில் சுற்றிலும் தண்ணீர் இருந்தது என்று அவர் சொன்னபோது, ஆஹா, தண்ணீருக்கு வந்துவிட்டார் என்று நிமிர்ந்தேன். அவர் கரையேறிவிட்டார்.

மூன்றாம் தடவை கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அவர் அதைப் பார்த்துவிட்டார் போலும், குரலைத் தணித்துக்கொண்டார்.

"கேள்வி கேட்பது சுலபம், தம்பி. பதவிக்கு வருமுன் நான்கூட நிறையக் கேட்டவன். வந்த பிறகுதான் கேள்விகள் எவ்வளவு தேவையற்றவை என்று புரிந்தது. சிலர் மக்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறுகிறார்கள். நான் இதுவரை ஒரு வாக்குக்கூடத் தவறியதில்லை, ஏனென்றால் கொடுத்ததே இல்லை. இந்த நேர்மையை மக்கள் மதிக்கிறார்கள்."

எனக்கு அலுத்துவிட்டது. பென்சிலைக் காதில் செருகினேன். அப்போதுதான் மேஜையைக் கவனித்தேன். காகிதக் கட்டு பறக்காமல் இருக்க அதன்மேல் பளபளவென்று ஒரு பித்தளைச் சாமான் இருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தது.

"அது என்னங்க?" என்றேன், சும்மா.

"இதுவா?" கனம் அவர்கள் அதைக் கையில் எடுத்துக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார். வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "லயத்துக் குழாயோட பிடி லா. சிங்கப்பூர்ல சொல்லிச் செஞ்சது. போர்டுத் துரை வந்து தொறக்கறப்போ வெல்வெட்டுத் தட்டுல வச்சு நான் நீட்டணும். அவரு வாங்கித் திருகணும். போட்டோ பிடிக்க ஆளெல்லாம் சொல்லியாச்சு."

"துரை எங்கங்க?"

"லீவுல சீமைக்குப் போயிருக்காரு. எட்டு மாச லீவு. அடுத்த வருசம் வருவாரு."

"அப்ப குழாயில தண்ணி?"

"தண்ணி அன்னிக்கே வந்திடுச்சே! தூண் கட்டின மறுநாளே வந்திடுச்சு. தொறக்கத்தான் பாக்கி…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் கை காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டிருந்தது. ஜெயராஜ் பாய்ந்து வந்து பித்தளைப் பிடியை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தம்பிக்கு இன்னொரு டீ," என்றார் கனம் அவர்கள். "பாருங்க தம்பி, இப்ப நான் பேசினேன், வாஸ்தவம். ஆனா பேட்டி கொடுக்கல. ரெண்டும் வேற வேற."

வெளியே வரும்போது ஜெயராஜ் ஒரு நீள உறையைக் கையில் திணித்தார். அதற்குள் பத்துப் பதில்கள், வரிசை எண் போட்டு, அழகான கையெழுத்தில். நான் அந்தப் பங்களாவுக்குள் நுழைவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே தேதி போட்டிருந்தது.

"இதுதான் பேட்டி. இதுல ஒரு எழுத்து மாறக் கூடாது."

"கேள்வி எங்கங்க?"

"கேள்வியா? அது உங்க வேலையாச்சே. பதிலுக்குத் தகுந்த மாதிரி நீங்களே போட்டுக்குங்க. கேள்வியில ஐயா தலையிடவே மாட்டாரு. பத்திரிகைச் சுதந்திரத்துல அவருக்கு அவ்வளவு மதிப்பு." இதையே ஒரு கடுதாசியாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டு உறைக்குள் வைத்திருந்தார்: 'பதில்கள் ஓர் எழுத்தும் மாறாமல் வெளியிடப்பட வேண்டும். கேள்விகள் பத்திரிகையின் பொறுப்பு.' எல்லாப் பத்திரிகைக்கும் இப்படித்தானாம். இதுவரை யாரும் குறை சொன்னதில்லையாம்.

அச்சுக்கூடத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பக்கிரிசாமி அண்ணன் மூலையில் இருந்த பலகையைக் காட்டினார். நூல் கட்டி, தூசி படிந்து, ஓர் அழைப்பிதழ் எழுத்துக் கோர்த்தபடியே கிடந்தது. லயத்துக் குழாய்த் திறப்பு விழா. கனம் அவர்கள் முன்னிலை. துரையவர்கள் தலைமை. எல்லாம் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"மூணு மாசமா கட்டிக் கிடக்குப்பா," என்றார். "பெரிய எழுத்தெல்லாம் இதுல மாட்டிக்கிட்டு, போன வாரம் சாவு நோட்டீசுக்கு எழுத்து பத்தல. என்ன விழான்னு நானும் யோசிக்கல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

நாகையா பத்துப் பதில்களையும் படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பேசாம 'எவ்வளவு சிறப்பாக'ன்னு பத்துக் கேள்வி எழுதிப் போட்டுடு இருதயம். நமக்கு எதுக்கு வம்பு?"

"அந்தம்மாவுக்கு என்ன சொல்றது?"

அதற்குள் அந்தம்மாவே வந்துவிட்டாள். வேலை முடிந்து, துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"என்ன தம்பி சொன்னாரு? வருமா, வராதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. பித்தளைப் பிடியைப் பற்றியும் சீமைக்குப் போன துரையைப் பற்றியும் உள்ளதைச் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நாகையா கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அது என்ன காயிதம்?"

"அவர் குடுத்த பதில்."

"பதில் குடுத்திருக்காரா? அப்ப நான் கேக்கறேன், நீங்க படிங்க." இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். "நாங்க தண்ணியில்லாம சாவறது அவருக்குச் சந்தோசமா இருக்கா?"

நான் என்ன செய்வேன்? முதல் பதிலைப் படித்தேன். "ஆம். இதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி."

பக்கிரிசாமி அண்ணன் கையில் எழுத்துக்கட்டையோடு திரும்பிப் பார்த்தார்.

"அடப்பாவி! ஒத்துக்கிட்டானா?" வீரம்மா ஓரடி முன்னால் வந்தாள். "குழாயப் பூட்டி வச்சது யாரு?"

இரண்டாவது பதில்: "இது முழுக்க முழுக்க என் ஒருவன் முயற்சியே என்று சொல்லிக்கொள்ள என் அடக்கம் இடம் தரவில்லை. ஆனாலும் உண்மை அதுதான்."

"எப்பத் தொறப்பான்?"

"துரையவர்களின் திருவுளம் அறிந்தே எதையும் செய்வது என் கொள்கை."

"எம்மவளுக்கு வலி எடுத்தா, புள்ளயக் குளிப்பாட்டத் தண்ணிக்கு நான் எங்க போறது?"

நாலாவது: "அது உரிய நேரத்தில், உரிய முறையில் கவனிக்கப்படும்."

"வலி நேரம் பாத்தா வரும்?"

"பொதுமக்கள் பொறுமையாக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் இருக்கிறேன்."

பக்கிரிசாமி அண்ணன் எழுத்துக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாகையா சிரிக்கவில்லை. அவர் முகம் என்னவோபோல் இருந்தது. வீரம்மாவும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டே இல்லை. அந்த ஆளே எதிரில் உட்கார்ந்து பேசுவதாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பிணிப் பொண்ணு தண்டவாளத்துல விழுந்து கெடந்தாளே, அதுக்கப்புறம் அந்தாளுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

ஆறாவது பதிலைப் படித்தேன். "என் மனச்சாட்சி தெளிவாக இருக்கிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன்."

"மூணு தடவ மனுக் குடுத்தமே, கையெழுத்துப் போட்டு?"

"இல்லை. அப்படி ஒன்று என் பார்வைக்கு வரவில்லை."

"கேட்டதுக்கு நேரா பதில் சொல்லாம ஊர ஏமாத்தறதுதான் அவன் பொழப்பா?"

"என் வாழ்நாள் முழுவதும் அதையேதான் செய்து வந்திருக்கிறேன்."

"த்தூ! இது ஒரு பொழப்பு, இதப் பாத்து நாலு பேரு வேற கெட்டுப் போவான்."

"இளைஞர்கள் என்னைப் பின்பற்றலாம்."

வீரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கடைசியாக ஒன்று கேட்டாள், மெதுவாக. "இவன யாரு தம்பி அங்க உக்கார வச்சது? நாங்க யாரும் வைக்கலியே."

பத்தாவது: "எல்லாம் இறைவன் செயல்."

நாகையா எழுந்து போய் ஜெயராஜின் கடுதாசியை எடுத்து இன்னொரு தடவை படித்தார். ஓர் எழுத்தும் மாறக் கூடாது. கேள்விகள் பத்திரிகையின் பொறுப்பு. கையெழுத்து. தேதி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மனிதரைப் பார்க்கிறேன், அவர் முதுகு நேராகி அன்றுதான் பார்த்தேன்.

"பக்கிரி," என்றார், "அந்தம்மா கேட்டத கேட்ட மாதிரியே கோத்துடு. பதில்ல ஒரு எழுத்து மாறினா உன் கைய முறிச்சுடுவேன்."

"கேள்வி கேட்டவர் பேரு?"

"அதையும் போடு. ஸ்ரீமதி வீரம்மா. பயந்து பயந்து நானும் எவ்வளவு நாளைக்குத்தான் பேப்பர் நடத்தறது?"

வீரம்மாவைப் பார்த்து, "பேர் போடலாமா அக்கா? வேலைக்கு எதும் பிரச்சினை வந்தா…" என்று நான் இழுத்தேன்.

"போடுங்க தம்பி. வேல போனா துடைப்பம்தான போவுது. புள்ள போனா?"

பேட்டிக்கு அலைந்த நாட்களில் மகளை லோரியில் ஏற்ற முடியாத நிலை வந்துவிட்டதால் அவள் காப்பாருக்குப் போகவில்லை. சீதாலெட்சுமி தண்டவாளம் தாண்டக் கூடாது என்று லயத்துப் பெண்கள் முறை வைத்து அவள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வார 'ஊர்மணி'யை மூன்று தடவை அச்சடித்தோம். கிள்ளானில் கட்டைப் பிரிக்குமுன்னே பிடுங்கிக்கொண்டு போனார்கள். கோப்பிக்கடைகளில் படிக்கத் தெரிந்தவனை நாற்காலிமேல் ஏற்றிப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டே நாளில் பதில்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எப்போது துணி தைத்துக் கொடுப்பாய் என்று கேட்டால் தையல்காரர், "நாலாம் நம்பர்," என்பார். புருஷன் எங்கேயடி போனான் என்று கேட்டால், "ஆறாம் நம்பர், நல்லாத் தூங்குது," என்பாள் அக்கம்பக்கத்துப் பெண். போர்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள் ஒருவரையொருவர் எண்ணாலேயே விசாரித்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை ஜெயராஜ் வந்தார். கழுத்துப் பட்டி ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன இது அநியாயம்?"

"எதுங்க?" என்றார் நாகையா. "பதில்ல எழுத்து எதும் மாறிடுச்சா?"

"பதிலு சரி. பதிலு பிரமாதம். கேள்விதான் தப்பு!"

"கேள்வியில ஐயா தலையிட மாட்டாருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. பத்திரிகைச் சுதந்திரம்." கடுதாசியை எடுத்து நீட்டினார்.

ஜெயராஜ் கழுத்துப் பட்டியை நேராக்கிக்கொண்டார். "லைசென்ஸ் இருக்குல்ல உங்களுக்கு? பாத்துக்கறோம்."

"அது உரிய நேரத்துல உரிய முறையில பாத்துக்கலாம்," என்று உள்ளேயிருந்து பக்கிரிசாமி அண்ணன் குரல் வந்தது.

ஆனால் காரியம் அத்தோடு நிற்கவில்லை. சீமைக்குப் போன துரைக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த சின்னத் துரை, தன் கிராணியைக் கூப்பிட்டு எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விசாரித்தாராம். கிராணி பேட்டியை மொழிபெயர்த்து, ஊரில் பேசிக்கொண்ட பித்தளைப் பிடிக் கதையையும் சொன்னாராம். அந்தப் பிடி எங்கே என்று சின்னத் துரை கேட்டாராம். அடுத்த புதன்கிழமை அழைப்பிதழுக்குத் தேதி வந்துவிட்டது: ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. தலைமை, முன்னிலை, திறப்பு மூன்றுமே கனம் அவர்கள். பக்கிரிசாமி அண்ணன் தூசியை ஊதித் தேதியைக் கோர்த்தார்.

ஞாயிறு ஆறரை மணிக்கே பெண்கள் டின்னும் குடமுமாக வரிசையில் நின்றார்கள். எதிரே மேடை, பந்தல், போட்டோக்காரர். வெல்வெட்டுத் தட்டில் பித்தளைப் பிடியை வைத்து ஜெயராஜ் ஏந்திக்கொண்டு நின்றார். சீதாலெட்சுமி கவிழ்த்துப் போட்ட டின்னில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலிருந்தே விட்டுவிட்டு வலிக்கிறது என்று பக்கத்துப் பெண் சொன்னாள்.

கனம் அவர்கள் ஒன்பது மணிக்கு வந்தார். பத்து மணி வரை பேசினார். வெயில் ஏறியது. தண்ணீர் இல்லையேல் மனிதன் இல்லை என்று ஆரம்பித்து, தண்ணீரும் நானும் ஒன்று என்று முடித்து, முடித்துவிட்டாரே என்று எல்லாரும் டின்னைத் தூக்கினால், இரண்டாம் பாகம் என்று கப்பலேறினார். மருத்துவச்சி வேறு வந்துவிட்டாள். சீதாலெட்சுமியை இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். உள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"வெந்நி வைக்கணும், தண்ணி எங்கடி?" என்று மருத்துவச்சி வாசலுக்கு வந்து சத்தம் போட்டாள்.

கனம் அவர்கள் அதைக் கைதட்டல் என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தினார். "பெருமக்களே! உங்களைக் கேட்கிறேன். இந்தக் குழாயைத் திறக்கத் தகுதி உடையவர் யார்?"

சொல்லிவிட்டு, தன் பெயரை யாராவது கூவட்டும் என்று இடைவெளி விட்டார்.

அந்த இடைவெளியில் வீரம்மா நடந்தாள். அவசரப்படவில்லை. மேடைக்கு முன்னால் போய், வெல்வெட்டுத் தட்டிலிருந்து பித்தளைப் பிடியை எடுத்தாள். ஜெயராஜ் தட்டை இழுக்கக்கூட மறந்து நின்றார். ஜாகா குறுக்கே வந்தான். அவள் ஏறிட்டுப் பார்த்ததும் அந்த மனிதன் நகர்ந்து வழிவிட்டான். பிடியைச் சிவப்பு நாடாவோடு மாட்டித் திருகினாள். குழாய் இருமியது. அழுக்காகக் கொஞ்சம் கக்கியது. பிறகு வந்தது பாருங்கள் தண்ணீர்! நாலு மாசம் அடைத்து வைத்த வேகத்தில் சிமெண்டுத் தொட்டியில் மோதி, மேடைவரை தெறித்து, கனம் அவர்களின் காலிலிருந்த வெள்ளைச் சப்பாத்தை நனைத்தது. பெண்கள் கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள். முதல் குடம் கைமாறிக் கைமாறி சீதாலெட்சுமியின் வீட்டுக்குள் போய்விட்டது.

கனம் அவர்களுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. மேடைத் தமிழ் கைவிட்டுவிட்டது.

"ஏய்! நில்லு! யாரைக் கேட்டுத் தொறந்தே?"

கூட்டம் சட்டென்று அடங்கியது. வீரம்மா இரண்டாவது டின்னைக் குழாயடியில் வைத்து, அது நிரம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நிரம்பியதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அத உரிய நேரத்துல, உரிய முறையில சொல்றேங்க," என்றாள். "எம்மவளுக்கு இப்ப வேல இருக்கு."

லயம் முழுக்கச் சிரித்தது. ஜாகா சிரித்தான், போட்டோக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

நான் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து இரண்டையும் எழுதிக்கொண்டேன், முதலில் அவருடைய கேள்வியை, அதன்கீழ் அவளுடைய பதிலை. அந்த வாரம் அதை மட்டும் முதல் பக்கத்தில் போட்டோம், ஓர் எழுத்தும் மாற்றாமல்.